கவுன்சிலருக்குக் கட்டிய காப்பு

கோயில் கமிட்டியில் இருப்பவனுக்குக் கையும் காலும் வேலை செய்தால் போதும். வாய் வேலை செய்யக்கூடாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் மட்டும் பட்டிருந்தால் பரவாயில்லை. என்னால் ஒரு ஒன்றியக் கவுன்சிலர் பட்டார், அவருடைய டிரைவர் பட்டார், எங்கள் தெருவே பட்டது. என் வீட்டுக்காரி மீனாள் இன்றைக்கும் பட்டுக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் ஊர் சாக்கோட்டைப் பக்கம். ஊருக்குள் மாவு மில் வைத்திருக்கிறேன். படிப்பு ஒன்பதாம் வகுப்பு (பத்தாம் வகுப்பு என்று சிலரிடம் சொல்லியிருக்கிறேன், அம்மன் மன்னிக்கட்டும்). பஸ் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் தெரு முனை வரைக்கும் நல்ல தார் ரோடு. முனையைத் தாண்டினால் செம்மண் சரளை, நடுநடுவே பள்ளம். எங்கள் வாசலுக்கு நேரே இருக்கும் பள்ளத்தில் மழை பெய்தால் எருமை படுக்கும். மீனாளுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மாசத்துக்கு ஒருதரம் காரைக்குடி டாக்டரிடம் போய் வருவாள். பகலில் எந்த ஆட்டோவும் தெருவுக்குள் வராது. பொழுது சாய்ந்து திரும்பினால் மட்டும் காதர் பாய் தன் ஆட்டோவைக் குலுங்கக் குலுங்க ஓட்டிக்கொண்டு வாசல்வரை வந்து இறக்கிவிடுவார். (அது ஏன் என்று அப்போது நாங்கள் யோசிக்கவில்லை.)

மற்றவர்கள் அம்மனிடம் பிள்ளை வரம் கேட்பார்கள், வேலை கேட்பார்கள். மீனாள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "தாயே, எங்க தெருவுக்கு ஒரு ரோடு. பட்டப்பகல்ல என் வாசல்ல ஒரு ஆட்டோ வந்து நிக்கணும்."

அந்த வருஷம் அம்மன் காது கொடுத்துவிட்டாள் என்றுதான் நினைத்தோம். வெள்ளிக்கிழமை யூனியன் கூட்டம். ஒரே ஒரு பேவர் பிளாக் ரோட்டுக்குத்தான் நிதி. அதை எங்கள் தெருவுக்கே கேட்டு வாங்கித் தருவதாகக் கவுன்சிலர் சொல்லியிருந்தார். அவர் நேரில் போய் எழுந்து பேச வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை எங்கள் மாரியம்மனுக்குக் காப்புக்கட்டு. "கவுன்சிலரைக் கூப்பிட்டு ஒரு மரியாதை பண்ணி அனுப்புவோம், வெள்ளிக்கிழமை மறக்க மாட்டாரு" என்று கமிட்டியில் முடிவானது. யோசனை நல்ல யோசனை. அதோடு விட்டிருக்கலாம்.

சாயங்காலம் காரில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, முகத்தில் போஸ்டரில் இருக்கிற அதே சிரிப்பு. கூடவே ஊர்ச் செய்தி எல்லாம் போனில் போடுகிற ஒரு சேனல்காரர், கேமராவோடு. பரிவட்டம் கட்டினோம். மாலை போட்டோம். விபூதி கொடுத்தோம். கார் கதவைக்கூட டிரைவர் திறந்து வைத்துவிட்டார்.

நான் காப்புத் தட்டைப் பிடித்துக்கொண்டு பூசாரி பக்கத்தில் நின்றேன். தீச்சட்டி எடுக்கிறவர்களுக்கெல்லாம் காப்புக் கட்டி முடித்து, தட்டில் ஒரே ஒரு மஞ்சள் கயிறு மிச்சம் இருந்தது. கொட்டுச் சத்தம், குலவைச் சத்தம், சாம்பிராணிப் புகை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அம்மனே அந்தக் கயிற்றை அவருக்கென்று மிச்சம் வைத்ததாக எனக்குத் தோன்றியது. (கூட ஒன்று முறுக்கி வைத்தவன் நான்தான் என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.)

"பூசாரி, நம்ம கவுன்சிலருக்கும் ஒரு காப்பைக் கட்டுங்க!" என்று கொட்டுச் சத்தத்துக்கு மேலே கத்தினேன்.

பூசாரி என்னைப் பார்த்தார். "அண்ணே, யோசிச்சுத்தான் சொல்றீகளா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு? கட்டுங்கய்யா!"

கவுன்சிலரோ கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே கையை நீட்டினார். யார் எதைக் கொடுத்தாலும் கையை நீட்டிப் பழகியவர். பூசாரி மூன்று முடிச்சுப் போட்டார். பெண்கள் குலவை போட்டார்கள். மீனாள்கூட, ரோடே வந்துவிட்ட மாதிரி, எல்லாரையும்விடச் சத்தமாகப் போட்டாள்.

கும்பிட்டுவிட்டுக் கவுன்சிலர் காரைப் பார்த்து நடந்தார். ஊர் அம்பலம் குறுக்கே வந்தார். எங்கள் ஊரில் பெரிய தலை அவர்தான். ஒரு சொல் சொன்னால் மறுசொல் கிடையாது.

"எங்குட்டுப் போறீக?"

"காரைக்குடிக்குங்கய்யா. கட்சிக் கூட்டம் ஒண்ணு இருக்கு."

"காப்புல்ல கட்டியிருக்கீக?"

"ஆமாங்கய்யா, ரொம்பச் சந்தோஷம்."

"சந்தோஷந்தான். காப்பு கட்டுனவுக அடுத்த செவ்வாய் பொங்கல் வச்சு அவுக்குற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. செருப்புப் போடக்கூடாது, கவுச்சி கூடாது, பாயிலதான் படுக்கை. உங்களுக்குத் தெரியாதா?"

கவுன்சிலர் முகத்தில் போஸ்டர் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறிப்போனது. அவர் வேறு ஊர்க்காரர். அவர் ஊரில் கோயில் கயிறு கட்டினால் மறுநாள் குளிக்கும்போது அவிழ்ந்து விழுந்துவிடும் போலிருக்கிறது.

"எனக்கு எப்படிங்கய்யா தெரியும்? யாரும் சொல்லலையே!"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு விதி தெரியாதா? பொடிப் பையனாக இருந்த நாளிலிருந்து தெரியும். ஆனால் அந்த நிமிஷத்தில் என் புத்தியில் ஓடியது என்ன தெரியுமா? 'கவுன்சிலர்தானே, கார் இருக்கிறதே' என்பதுதான். காருக்கும் அம்மனுக்கும் என்ன சம்பந்தம் என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் அதைத்தான் இத்தனை வருஷமாக என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"அவுத்துறலாமே?" என்று டிரைவர் மெதுவாகச் சொன்னார். கொட்டு நின்றுவிட்டது. பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். கவுன்சிலர் திரும்பிப் பார்த்தார். சேனல்காரர் கேமராவை இறக்கவே இல்லை. தேர்தலோ தூரத்தில் இல்லை. எதிர்க்கட்சிக்காரருக்கு அந்தப் படம் ஒன்று கையில் கிடைத்தால் போதும், அம்மன் காப்பை அறுத்த ஆள் என்று வீடு வீடாகக் காட்டுவார். அதோடு, அவருக்கும் அம்மன் பயம் உண்டு. அதை நான் கண்ணால் பார்த்தேன்; முடிச்சைத் தொடப் போன விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"அப்ப நான் எங்க தங்குறது?" என்றார்.

அம்பலம் யோசிக்கவே இல்லை. "கட்டச் சொன்ன மனுசன் வீட்டுலதான்."

 வீட்டு வாசலுக்கு வந்ததும் மீனாள் ஆரம்பித்தாள்.

"ஏங்க, வெள்ளிக்கிழமை என்ன?"

"வெள்ளிக்கிழமை..."

"யூனியன் கூட்டம். ரோடு கேக்கப் போக வேண்டிய ஆளை இழுத்துக் கட்டி நம்ம வீட்டுலயே போட்டுட்டீகளே, இதுக்குப் பேரு பக்தியா?"

பின்னால் செருப்பில்லாமல் சரளையில் நொண்டிக்கொண்டு வந்த கவுன்சிலர், "அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி" என்றார்.

அவர் நல்ல மனுஷர். குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கவுன்சிலரை வீட்டில் வைத்துக்கொள்வது, வீட்டைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்ட மாதிரி. கோழி கூவும்முன் மனுவோடு ஆட்கள். முதியோர் பென்ஷன், பட்டா, பக்கத்து வீட்டுக்காரன் வேலி நகர்த்தியது, எல்லாம் எங்கள் முற்றத்தில்தான். வந்தவர்களுக்கு டீ போட்டே மீனாளுக்கு முழங்கால் வலி முழங்கைக்கும் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் போன் சிக்னல் மொட்டை மாடியில் மட்டும்தான் கிடைக்கும் என்பதால், அவர் காலையிலிருந்து வெயிலில் மாடியில் நின்று "ஹலோ, ஹலோ" என்று கத்துவார். தாடி வேறு முளைத்துவிட்டது. மூன்றாவது நாள் பென்ஷன் கேட்டு வந்த ஒரு ஆள் அவரையே பார்த்து, "ஏப்பா, கவுன்சிலர் எந்திரிச்சுட்டாரா?" என்று கேட்டார்.

சாப்பாட்டு நேரம்தான் பெரிய சோதனை. கத்தரிக்காய்ப் புளிக்குழம்பை இலையில் ஊற்றினால் அதையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

"அக்கா, இதுல கருவாடு..."

"காப்பு!" என்பாள் மீனாள்.

"இல்ல, சும்மா கேட்டேன்."

கட்சிக்காரர்கள் பாதிப் பேர் தாங்களும் விரதத்தில் சிக்கிக்கொள்வோமோ என்று பயந்து ஊருக்குள்ளேயே வரவில்லை. எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் காரை நிறுத்திக்கொண்டு கூப்பிடுவார்கள். இவர் இந்தப் பக்கம் வெறுங்காலோடு நிற்பார். பேப்பர் கல்லைத் தாண்டி வரும், கையெழுத்தாகிக் கல்லைத் தாண்டிப் போகும். அவர் கால் எங்கேயாவது தாண்டுகிறதா என்று பார்க்க அம்பலம் ஒரு கட்டிலைப் போட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். டிரைவர் பாவம், கல்லுக்கு அந்தப் பக்கம் காரிலேயே தூங்கினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. நான் விடியற்காலையிலேயே கோயிலில் போய் விழுந்து கிடந்தேன். தாயே, போனிலாவது நடத்திக் கொடு என்று. பதினோரு மணிக்குத் தெருவே எங்கள் மொட்டை மாடியில் ஏறிவிட்டது. கவுன்சிலர் யூனியன் தலைவரைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"தலைவரே, அந்தப் பேவர் பிளாக் ரோடு விஷயம்..."

"நேர்ல வந்து பேசுய்யா. போன்ல எல்லாம் தீர்மானம் போட முடியாது."

"வர முடியல தலைவரே, காப்பு கட்டியிருக்காக."

"யாரு கட்டுனது?"

கவுன்சிலர் என்னைப் பார்த்தார். மாடியில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தண்ணீர்த் தொட்டியின் மூடியைச் சரிசெய்வது போல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்குள் சிக்னல் போய்விட்டது. திரும்பக் கிடைத்தபோது ரோடு பக்கத்து ஊருக்குப் போயிருந்தது. அங்கே ஏற்கெனவே பாதி ரோடு இருந்தது.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரிசையாகப் படியிறங்கிப் போனார்கள். மீனாள்தான் கடைசியில். ஒவ்வொரு படிக்கும் கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்று, இரண்டு காலையும் ஒரே படியில் சேர்த்து வைத்து இறங்கினாள். நான் கை கொடுக்கப் போனேன்.

"வேண்டாம். அந்தக் கையால என்னத்தையாவது கட்டி விட்டுருவீக."

அன்றைக்குச் சாயங்காலம் கோயிலுக்குப் போகக் கிளம்பிய கவுன்சிலர், மசண்ட இருட்டில் எங்கள் வாசல் பள்ளத்திலேயே விழுந்தார். எருமை படுக்கிற அதே பள்ளம். வெள்ளை வேட்டி செவ்வேட்டியாகிவிட்டது. நான் ஓடிப்போய்த் தூக்கினேன்.

"ஏண்ணே, இங்குட்டு ஒரு லைட்டுகூடக் கிடையாதா?"

மீனாள் படியில் உட்கார்ந்து, மூச்சு விடாமல் சொல்லித் தீர்த்தாள். "லைட்டை விடுங்க தம்பி. இந்தப் பள்ளத்தைப் பாத்துட்டீகள்ல? நான் இதைத் தினமும் தாண்டுறேன். மழை நாள்ல டாக்டர்கிட்டப் போகணும்னா ரெண்டு பேரு கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போகணும். எனக்கு மாடி வேண்டாம், மச்சு வேண்டாம். வாசல்ல ஒரு ஆட்டோ வந்து நிக்கணும், அம்புட்டுத்தான்."

அவர் செம்மண் கையாலேயே கும்பிட்டார். கண் கலங்கியிருந்தது. "அக்கா, அம்மன் சத்தியமாச் சொல்றேன். காப்பு அவுந்ததும் உங்க வாசலுக்குத்தான் மொத வேலை."

மீனாள் நம்பினாள். நானும் நம்பினேன். விழுந்தவனுக்குத்தானே பள்ளம் தெரியும்! இதற்காகத்தான் அம்மன் அவரைப் பிடித்து வைத்தாள் என்றுகூட அம்பலத்திடம் போய்ச் சொன்னேன் (வாய், வாய்!). அடுத்த செவ்வாய் பொங்கல் வைத்தோம். பூசாரி காப்பை அவிழ்த்தார். கவுன்சிலர் எல்லைக்கல்லைத் தாண்டி, செருப்பை மாட்டி, காரில் ஏறிய வேகத்தை நான் இதுவரை எந்த மனுஷனிடமும் கண்டதில்லை.

சொன்ன சொல் தவறவில்லை. சித்திரை முடிவதற்குள் லாரி வந்தது. மீனாள் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, கல் இறக்க இடம் ஒதுக்கி வைத்தாள். லாரியிலிருந்து இறங்கியது கல் இல்லை. ஒரு கம்பம். பனைமரம் உயரத்துக்கு ஒரு கம்பம், அதன் உச்சியில் வட்டமாகப் பெரிய பெரிய விளக்குகள். பஸ் ஸ்டாண்டில் நிற்குமே, அது. எங்கள் வாசலுக்கு நேரே, பள்ளத்துக்கு ஒரு முழம் தள்ளி நட்டார்கள். திறப்பு விழாவில் எனக்குச் சால்வை போட்ட கவுன்சிலர் காதருகே சொன்னார்: "அன்னைக்கு நான் விழுந்தது வெளிச்சம் இல்லாமத்தானண்ணே? இனி ஒருத்தரும் விழ மாட்டாக." என் கையைப் பார்த்ததும் இரண்டு எட்டு பின்னால் போய் நின்றுகொண்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரவு கிடையாது. ஜன்னலைச் சாத்தினாலும் இடுக்கு வழியாக வெளிச்சம் வரும். சேவல் எந்த நேரம் கூவுவது என்று தெரியாமல் எல்லா நேரமும் கூவுகிறது. ஈசல் காலத்தில் குழம்பை மூடிவைத்துக்கொண்டுதான் சாப்பிட வேண்டும்.

அது போகட்டும். விளக்குப் போட்ட அதே வாரம் மீனாள் டாக்டரிடம் போய்விட்டுப் பொழுது சாய்ந்து வந்தாள். காதர் பாய் ஆட்டோவைத் தெரு முனையிலேயே நிறுத்திவிட்டார்.

"ஏன் பாய், எப்பவும் வீடுவரைக்கும் வருவீகளே?"

"எப்பவும் இருட்டா இருந்துச்சு அக்கா, நம்ம வண்டி லைட்டும் மங்கல், என்னமோ குலுங்குதுன்னு ஓட்டிட்டு வந்துட்டேன். இப்பத்தான எல்லாம் தெரியுது! யா அல்லா, இந்தப் பள்ளத்துலயா நான் இத்தனை நாளா வண்டிய விட்டேன்? அச்சு முறிஞ்சுரும் அக்கா. இறங்கிக்கங்க."

இப்போது பகலிலும் ஆட்டோ வராது, இருட்டிலும் வராது. இருட்டே இல்லையே! ரோடு அடுத்த நிதியில் வரும் என்கிறார்கள். ஒவ்வொரு வருஷமும் அதே அடுத்த நிதிதான். அம்மன் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. மீனாள் கேட்டதைக் கொடுக்கத்தான் அவள் நினைத்தாள். நான்தான் நடுவில் கத்திவிட்டேன். கமிட்டியில் இன்னும் இருக்கிறேன். காப்புத் தட்டை மட்டும் என்னிடம் கொடுப்பதில்லை. கொடிமரத்தடியில் நிற்கச் சொல்லிவிடுகிறார்கள். எங்கள் மருமகன் கோயம்புத்தூரிலிருந்து திருவிழாவுக்கு வந்தால், என்னைக் கண்டதும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "மாமா, எனக்குத் திங்கக்கிழமை டூட்டி இருக்கு" என்பார். வீடே சிரிக்கும்.

மீனாள் மட்டும் சிரிப்பதில்லை. டாக்டரிடம் போய் வரும் நாட்களில் தெரு முனையில் இறங்கி, மருந்துப் பையை என்னிடம் கொடுத்துவிட்டு, பகல் போன்ற அந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு பள்ளமாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வருவாள். வாசலில் நிற்கிற யாராவது, "என்னக்கா, நடந்தா வாரீக?" என்று கேட்டால் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு பதில் சொல்வாள்:

"கவுன்சிலருக்குக் கட்டுன காப்பு அடுத்த செவ்வாயே அவுந்துருச்சு, ஆத்தா. எனக்குத்தான் இன்னும் அவுக்கலை."