ஏழாம் நம்பர் நல்ல கத்தி

இரண்டாம் உலக யுத்தம் 1945 ஆகஸ்ட்டில் ஓய்ந்தது என்று எல்லாச் சரித்திரப் புத்தகங்களும் எழுதுகின்றன. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். கண்டி கட்டுக்கலையில் ஒரு போர்டிங்கில் ஏழாம் நம்பரோடு ஒரே அறையில் குடியேறிய பிறகுதான், யுத்தம் முடியவில்லை, ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். சிப்பாய்க்கு எந்தக் கத்தி என்பது இன்னும் முடிவாகவில்லை. அது முடிவாகாமல் யுத்தம் எப்படி முடியும்?

ஏழாம் நம்பர் என்பது அறையின் எண் அல்ல, மனிதரின் பெயர். பெற்றோர் வைத்த பெயரும் ஒன்று இருந்தது. அதைத் தபால்காரர் மட்டும் பயன்படுத்தினார், அதுவும் அபூர்வமாக. கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். யுத்த காலத்தில் தோட்டத்தைவிட்டு இறங்கி, பேராதனையில் வெள்ளைக்காரப் பட்டாளம் போட்டிருந்த முகாமில் ஸ்டோர் கூலியாகச் சேர்ந்தார். நான் அவரைச் சந்தித்தது ஐம்பதுகளின் ஆரம்பத்தில். அப்போது அவர் கண்டி பஜாரில் ஓர் இரும்புக்கடையில் சேல்ஸ்மன். நான் ஒரு கம்பனியில் கிளார்க்.

முகாமில் இவருக்கு ஒரே வேலை, வெட்டுவது. காட்டில் சண்டைபோடும் சிப்பாய்க்கு எல்லா வேலைக்கும் உதவும் ஒரே கத்தி எது என்று தீர்மானிக்க அங்கே ஒரு கொமிட்டி இருந்ததாம். மாதிரிக் கத்திகள் பெட்டிபெட்டியாக வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். துரைமார் கதிரைகளில் சாய்ந்து தேநீர் குடிக்க, இவர் நடுவில் நின்று பலாக்காய், தகர டின், கயிறு, சப்பாத்துத் தோல், மூங்கில் என்று வரிசையாக வெட்டிக் காட்டுவார்.

“ஒரு கப்டன் ரம்பம் வேணும்னாரு தம்பி. டாக்டர் தொர கத்திரிக்கோல் வேணும்னாரு. இன்னொருத்தரு திருப்புளி. பாதிரியாரு ஒருத்தரு வந்து கரண்டி வேணும்னாரு. எல்லாத்தையும் சேத்து ஒண்ணு செஞ்சு அனுப்புனாங்க, பதினாலாம் நம்பரு. அதைத் தூக்க ஒரு ஆளு வேணும். சரின்னு ஒரு ஆளையும் போடலாம்னாங்க. அப்ப அந்த ஆளுக்கு டின்னு வெட்ட கத்தி வேணும்ல?”

“அதற்கு?”

“அதுக்கு வேற கொமிட்டி.”

இப்படியே மழைக்காலங்கள் போயின. ஒரு நாள் சண்டை முற்றி இரண்டு துரைமார் ஒருவரோடு ஒருவர் பேசுவதையே நிறுத்திவிட, தலைவராக இருந்த பெரிய துரை சலித்துப்போய், வெட்டிக்கொண்டிருந்த இவரைப் பார்த்து, “உனக்கு எது பிடிக்கிறது?” என்று கேட்டாராம். இவர் “செவன், சேர்” என்றார். உடனே ஏழாம் நம்பரில் ஒரு கட்டு, சில சிப்பாய்களின் கையில் ட்ரையலுக்குப் போனது. ட்ரையல் ரிப்போர்ட் வருவதற்குள் ஜப்பான் சரணடைந்துவிட்டது. முகாமைக் கலைத்தார்கள். துரைமார் கப்பலேறினார்கள். மாதிரிக்கு வைத்திருந்த ஏழாம் நம்பரை இவர் இடுப்பில் செருகிக்கொண்டு கண்டிக்கு வந்து, ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கத் தொடங்கினார்.

அந்தக் கத்தியை நான் பலமுறை கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். மடக்குக் கத்தி. பெரிய அலகு ஒன்று, டின் திறப்பான், சிறு ரம்பம், திருப்புளி, துளையிடும் முள், பாதிரியாரின் நினைவாக ஒரு கரண்டி. அலகு வெட்டாது. திருப்புளி திருகாது. டின் திறப்பானை விரித்தால் ரம்பமும் கூடவே எழுந்து நின்று நம்மை முறைக்கும். ஆனால் ஏழாம் நம்பரின் கண்ணுக்கு இந்த உலகத்தில் அதனால் ஆகாத காரியம் கிடையாது.

ஒரு தடவை கலஹா பஸ்ஸில் ஹோர்ன் அடிக்கவில்லை. டிரைவர் வேண்டாம் என்று கெஞ்சக் கெஞ்ச, இவர் திருப்புளியோடு உள்ளே புகுந்தார். ஹோர்ன் அடித்தது. அதன் பிறகு நிற்கவில்லை. பேராதனை வரை மலை முழுவதும் ஊளையிட்டுக்கொண்டே இறங்கினோம். மந்திரி யாரோ வருகிறார் என்று வழியெல்லாம் சனங்கள் ஒதுங்கி நின்றார்கள். ஒரு பொலிஸ்காரர் சல்யூட் அடித்தார். ஏழாம் நம்பர் ஜன்னல் வழியாக அதை ஏற்றுக்கொண்டார்.

கடையிலும் இதே கதைதான். கத்தி வாங்க வருகிறவரை அவர் கொமிட்டி முன்னால் நிறுத்திவிடுவார். அக்குறணையிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் வியாபாரியை ‘காக்கா’, அதாவது அண்ணா, என்று அழைத்து அவர் நடத்திய விசாரணை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“காக்கா, என்ன வெட்டப் போறீங்க?”

“மாங்கா.”

“மாங்காதான் இன்னைக்கு. நாளைக்கு மூங்கில் வெட்ட வேண்டி வந்தா?”

“வராது தம்பி.”

“காட்டுல மாட்டிக்கிட்டா?”

“நான் என்னத்துக்குக் காட்டுக்குப் போற? மாங்கா வெட்ட ஒரு கத்தி தாங்க, நான் சண்டைக்குப் போறல்ல!”

அவர் கத்தி வாங்காமலே போனார். முதலாளி தலையில் கைவைத்தார். ஏழாம் நம்பர் என்னிடம் திரும்பி, “தேவை என்னன்னே தெரியாம வாங்க வர்றாங்க தம்பி” என்றார் வருத்தத்தோடு.

எனக்கு ஒரு குணம் உண்டு. எந்தச் சம்பவத்தையும் ஆண்டும் மாதமும் இல்லாமல் என்னால் மனதில் வைத்துக்கொள்ள முடியாது. ஏழாம் நம்பருக்கோ காலண்டர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. தங்கையின் கல்யாணம் “நாலாம் நம்பர் துருப்பிடிச்ச மாசம்”. தகப்பனார் காலமானது “பதினோராம் நம்பர் பிடி கழண்டு போச்சே, அதுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை”. இந்தக் கத்திக் காலத்தைக் கிறிஸ்துவின் காலத்தோடு பொருத்திப் பார்க்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அப்போது அது வெறும் பொழுதுபோக்கு. பிறகு அதுவே அவருடைய தலைவிதியாகி நின்றது.

1948இல் வந்த சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வந்த சட்டம், வேண்டுமானால் குடியுரிமைக்கு விண்ணப்பித்துப் பாருங்கள் என்றது. விண்ணப்பிப்பவர், தான் இடைவிடாமல் இந்த நாட்டில்தான் வாழ்ந்தேன் என்று காட்ட வேண்டும். ஏழாம் நம்பரின் தோட்டத்துக் காலத்துக்கு ஆதாரம் இருந்தது. தோட்டத்துப் பேரேட்டில் பெயர் ஏறியிருந்தது. கடைக் காலத்துக்கு முதலாளி இருந்தார். நடுவில் முகாமில் இருந்த காலத்துக்குத்தான் ஒன்றுமே இல்லை. முகாமே இல்லை. சாட்சி சொல்ல வேண்டிய துரைமாரெல்லாம் ஏழு கடல் தாண்டிப் போய்விட்டார்கள். அந்த ஓட்டையை அடைக்காவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. பிறகு, கலஹாவில் பிறந்த மனிதர் தான் ஒருநாளும் பார்த்திராத இந்தியாவுக்கு என்றைக்கு மூட்டை கட்டச் சொல்வார்களோ என்று பயந்துகொண்டே வாழ வேண்டும்.

“அந்தக் காலத்துல நான் இங்கதான் இருந்தேங்கறதுக்கு இதோ இருக்கே சாட்சி” என்று அவர் இடுப்பைத் தட்டினார்.

எங்கள் போர்டிங்கில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருந்தார். எதற்கெடுத்தாலும் ஆமாம் என்ற பொருளில் ‘ஓம்’ என்பதால் அவரை ஓமண்ணன் என்போம். நல்லகாலமாகவோ கெட்டகாலமாகவோ, அவர்தான் குடியுரிமை விசாரணை நடக்கும் அரசாங்கக் கந்தோரில் மொழிபெயர்ப்பாளர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழாம் நம்பரை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்.

“ஐசே, நான் சொல்லுறதைக் கேளும். துரை என்ன கேட்டாலும் ‘ஓம் ஐயா’ எண்டு சொல்லும். வேறை ஒரு கதையும் வேண்டாம். கத்தியை மட்டும் அங்கை கொண்டு வந்திடாதையும்!”

“அது இல்லாம எப்படிண்ணே?”

“உமக்குக் குடியுரிமை வேணுமோ, கத்தி வேணுமோ?”

ஏழாம் நம்பர் நீண்ட நேரம் யோசித்தார். அவர் யோசித்த நேரத்தைப் பார்த்து ஓமண்ணன் எழுந்து போய்விட்டார்.

விசாரணை, அவ்வருடத்துப் பெரஹரா ஊர்வலம் முடிந்து அடுத்த வாரம், ஒரு புதன்கிழமை. செவ்வாய் என்று ஓமண்ணன் இன்றுவரை சாதிக்கிறார். அது பிழை. அன்று பின்னேரம் நாங்கள் டின் மீன் சாப்பிட்டோம். செவ்வாய்க்கிழமையில் போர்டிங்கார அம்மா மீனை வாசலுக்குள் விடமாட்டார்.

நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். கதவோரம் வாங்குப் பலகையில் உட்கார இடம் கிடைத்தது. விசாரணை அதிகாரி கோட்டுப் போட்ட சிங்களப் பெரிய மனிதர். கேள்விகளை இங்கிலீஷில் கேட்டார். ஓமண்ணன் தமிழில் சொன்னார்.

“முகாமிலை எப்பயிருந்து எப்ப மட்டும் வேலை செய்தனீர் எண்டு கேக்கிறார்.”

நான் தேதிகளை அவருக்கு மனப்பாடம் செய்வித்திருந்தேன். ஏழாம் நம்பர் ஒருமுறை என்னைப் பார்த்தார். எல்லாம் மறந்துபோயிற்று என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

“ரெண்டாம் நம்பர் வந்து எறங்குன நாள்லருந்து, ஜப்பான்காரன் விழுந்தவரைக்கும், ஐயா.”

ஓமண்ணன் அதை அப்படியே மொழிபெயர்த்தார். அதிகாரி விளக்கம் கேட்டார். ஏழாம் நம்பர் விளக்கமாக இடுப்புக்குள் கைவிட்டார். பியூன் “கத்தி!” என்று கத்திக்கொண்டு அலுமாரிக்குப் பின்னால் ஓடினான். ஏழாம் நம்பர் அதை மிகுந்த மரியாதையோடு, பிடி அதிகாரியின் பக்கம் இருக்கும்படி, மேசையில் வைத்தார்.

அதிகாரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மாறியது. இடது கையை உயர்த்தி, கட்டைவிரலை எங்களுக்குக் காட்டினார். நகத்தடியிலிருந்து மணிக்கட்டை நோக்கி ஒரு நீண்ட தழும்பு.

யுத்தத்தில் அவர் தொண்டர் படையில் இருந்தவராம். யாரோ அவர் கையில் இந்தக் கத்தியைக் கொடுத்து ட்ரையல் பார் என்றார்களாம். முதல் நாளே ஒரு டின்னைத் திறந்தார். பிறகு ஆஸ்பத்திரி. இந்தச் சனியனைத் தெரிவுசெய்தவன் யார் என்று அன்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறாராம். ஓமண்ணன் இதையெல்லாம் தமிழில் சொன்னார்.

“துரை கேக்கிறார், நீர்தானோ இதைத் தெரிவுசெய்தது எண்டு.”

“ஓம் ஐயா” என்றார் ஏழாம் நம்பர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. ஓமண்ணன் சொல்லிக்கொடுத்தபடி அவர் சொன்ன ஒரே ஓம் அதுதான்.

“இது ஒண்டுக்கும் உதவாத கத்தி, ஒத்துக்கொள்ளுறீரோ எண்டு கேக்கிறார்.” பிறகு ஓமண்ணன் குரலைத் தாழ்த்தி, தம் கணக்கில் சொன்னார்: “ஐசே, ஓம் எண்டு சொல்லும். உம்மைக் கும்பிட்டுக் கேக்கிறன்.”

இந்தப் பக்கம் ஏழாம் நம்பர், அந்தப் பக்கம் ஒரு நாடு, நடுவில் ஒரே ஒரு ஓம். நானாக இருந்தால் ஒன்பது தடவை சொல்லியிருப்பேன். ஆனால் அந்த மனிதரிடம் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் ஒருவர் அபிப்பிராயம் கேட்டிருந்தார். தோட்டத்தில் கேட்டவர் இல்லை, கடையில் கேட்டவர் இல்லை. நாடற்றவராக்கியபோதும் யாரும் கேட்கவில்லை.

“நல்ல கத்திங்க ஐயா” என்றார். “ஐயா புடிச்ச விதம்தான் பிழை.”

ஓமண்ணன் இங்கிலீஷில், “ஆம் என்கிறார், சேர்” என்றார்.

முகாமில் வேலை பார்த்தவருக்கு யெஸ் தெரியாதா? ஏழாம் நம்பர் அதிகாரியின் பக்கம் திரும்பி, பிடித்த விதம் பிழை என்பதைத் தானே சிங்களத்தில் சொன்னார்: “அல்லபு விதிய வெரதி, மஹத்தயா!”

அதோடும் அவர் நிற்கவில்லை. மேசையைச் சுற்றிப்போய் அதிகாரியின் கையிலேயே கத்தியைக் கொடுத்து, விரலை மடக்கிவைத்து, டின்னை மடியில் வைக்கக்கூடாது, தரையில் வைக்க வேண்டும் என்று காட்டினார். பிறகு, இத்தனை வருடம் காத்திருந்த ரிப்போர்ட் இது என்று அவருக்கு உறைத்துவிட்டது. கேள்விகளை ஆரம்பித்தார். ரம்பம் எப்படி? அதிகாரி யோசித்து, ரம்பம் மோசமில்லை, ஒருநாள் மூங்கில் அறுத்தேன் என்றார். கரண்டி? ஆஸ்பத்திரியில் அந்தக் கரண்டியால்தான் மருந்து குடித்தாராம். திருப்புளி? பயன்படுத்த வாய்க்கவில்லை என்றார் அதிகாரி, குற்றம் செய்தவரைப் போல. விசாரணை நெடுநேரம் நடந்தது. விசாரிக்கப்பட்டவர் அதிகாரிதான்.

கடைசியில் அவர் பேனாவை எடுத்தார். ஓமண்ணனிடம் இங்கிலீஷில் சொன்னதன் சாரம் இது: இந்தக் கத்தியை நல்ல கத்தி என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒருவனால்தான் முடியும். அவன் இதைத் தெரிவுசெய்த இடத்தில் நின்றவனாக இருக்க வேண்டும். இவன் முகாமில் இருந்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை; என் விரலுக்கும் இல்லை.

விண்ணப்பத்தைச் சிபாரிசு செய்தார். சான்றிதழ் கைக்கு வரப் பிறகும் வெகுநாள் எடுத்தது. ஏழாம் நம்பர் அதைப் பற்றி விசாரிக்கக்கூட இல்லை. அவர் கணக்கில் அன்றைக்கே எல்லாம் முடிந்துவிட்டது. அன்று பின்னேரம்தான் அந்த டின் மீன். அவரே திறந்தார், தரையில் வைத்து, விரலை மடக்கி. கொஞ்சம்தான் இரத்தம் வந்தது.

அடுத்த வருடம் கம்பளையில் பெண் எடுத்து, அங்கேயே ஒரு கடையில் வேலைக்குப் போனார். புறப்படும் அன்று கத்தியை என் கையில் வைத்தார்.

“ரிப்போர்ட்டு வந்துருச்சே தம்பி. இனி இது எனக்கெதுக்கு?”

ஆகவே, இரண்டாம் உலக யுத்தம் முடிந்த நாள் எது என்று யாராவது கேட்டால், நான் 1945 ஆகஸ்ட் என்று சொல்வதில்லை.

கத்தி இன்னும் என் மேசை லாச்சியில் இருக்கிறது. வீட்டில் நல்ல டின் திறப்பான் ஒன்று இருந்தும், எப்போதாவது இதை எடுத்து ஒரு மீன் டின் திறப்பேன். என் இடது கட்டைவிரலிலும் இப்போது ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது. யாராவது அதைப் பார்த்துவிட்டுக் கேட்டால், நல்ல கத்திதான், நான் பிடித்த விதம் பிழை என்று சொல்லிவிடுவேன்.