விரித்த படங்களின் நாடு

நினைவூர் என்ற நாட்டில் நிலம் குறைவு, படங்கள் அதிகம். அதன் அரசர் நாட்டை நேரில் பார்ப்பதில்லை. பாலம் கட்டினால் பாலத்தின் படம், பள்ளி திறந்தால் பள்ளியின் படம் என்று தலைநகருக்கு வந்துகொண்டே இருக்கும். வரும்போது ஒவ்வொன்றும் மூங்கில் குழாய்க்குள் சுருண்டு அடக்கமாக இருக்கும். ஆனால் முழு அளவுக்குத் தரையில் விரித்த பிறகே அரசருக்குக் காட்ட வேண்டும் என்பது அங்கே வழக்கம். பாலத்தின் படம் பாலத்தளவு பெரியது. கோட்டை உச்சியில் உள்ள சிறிய சாளரம் வழியே பார்க்கும் அரசருக்கோ எல்லாம் கட்டைவிரல் அளவில்தான் தெரியும்.

பார்த்த படத்தைச் சுருட்டவும் கூடாது. அரசர் மறுபடி கேட்டால் உடனே காட்ட வேண்டும் அல்லவா?

முதலில் மைதானம் போயிற்று. பிறகு சந்தை. ஒரே படத்தை மூன்று துறைகள் மூன்று இடங்களில் விரித்தன. ஒரு துறை விரித்ததை இன்னொரு துறை நம்புவது மரபல்ல. மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். காலையில் தண்ணீருக்கு வரிசையில் நின்றவருக்கு மாலையில் கிடைத்தது. நாடு மந்தமாகிவிட்டதைக் கவனித்த அரசவை, நிலம் போதாததே காரணம் என்று கண்டு, வீடுகளையும் எடுத்துக்கொள்ள ஆணையிட்டது.

கடைசியில் பிரசவ விடுதியின் முறை வந்தது. அதை நடத்திய மருத்துவச்சி பூரணி வாசலை மறித்து நின்றாள். படத்துறை அமைச்சர் அகளங்கர் ஆணையை வாசித்தார்.

"உள்ள செங்கமலம் வலியில துடிக்கிறா. பெத்து எடுக்கட்டும், அப்புறம் இடிச்சுக்குங்க" என்றாள் பூரணி.

"படத்தைக் காக்க வைக்கச் சட்டத்தில் இடமில்லை, அம்மையீர்."

"சட்டத்துல மட்டுமா இடமில்ல?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். செங்கமலத்தின் கணவன் மாறன் சிரிக்கவில்லை. "பார்த்து முடிச்சதையாவது சுருட்டி வைக்கக் கூடாதாய்யா?" என்று கேட்டான்.

அகளங்கர் குரலைத் தாழ்த்தினார். அவருடைய வீடு இருந்த இடத்திலும் ஒரு துறைமுகத்தின் படம் கிடந்தது. "நானும் கேட்டேன், தம்பி. சுருட்டும் துறை என்று ஒன்று இல்லை. புதிதாகத் தொடங்கலாம் என்றால், அதற்கு அலுவலகம் வைக்க இடமில்லை."

விடுதியை இடித்தார்கள். படத்தை விரித்தார்கள். நாட்டின் புதிய மகப்பேறு மருத்துவமனையின் படம் அது. வரிசையாக வெள்ளைக் கட்டில்கள், ஒவ்வொன்றிலும் சிரிக்கும் தாய். செங்கமலத்தைக் கிடத்த வேறு தரை இல்லாததால், மாறன் அவளைத் தூக்கிவந்து ஓர் ஓவியக் கட்டிலின் மேல் படுக்க வைத்தான். காவலர்கள் பதறி அமைச்சரைப் பார்த்தார்கள். அமைச்சர் வேறு பக்கம் பார்த்தார். அங்கேயே குழந்தை பிறந்தது.

அப்போது கோட்டையிலிருந்து அழைப்பு வந்தது. அகளங்கர் மூச்சிரைக்க மேலேறினார்.

"படத்தில் ஓரிடத்தில் ஏதோ அசைகிறதே, அமைச்சரே" என்றார் அரசர், சாளரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

உண்மையைச் சொன்னால் அந்தத் தாயை அப்புறப்படுத்தச் சொல்வார். அகளங்கர் தலைவணங்கினார்.

"படம் அவ்வளவு தத்ரூபமாக வந்திருக்கிறது, அரசே."

அரசர் மகிழ்ந்துபோனார். இனி எல்லாப் படங்களையும் இதைவிடப் பெரிதாக வரைய வேண்டும் என்று அன்றே ஆணை பிறந்தது.