மையாண்டி வீட்டுச் செவலைகள்

ஒரு காட்டில், காடு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், ஒரு செல்போன் டவருக்கும் ஒரு வைரவர் கோயிலுக்கும் நடுவே யாரும் விலைபேசாமல் விட்டுவைத்த காடு, அங்கே மையாண்டி வாழ்ந்துவந்தான். கறுப்பு நாய். கண்ணை மூடிப் படுத்தான் என்றால் கல் என்று நினைத்து அவன்மேலேயே ஆள் உட்கார்ந்துவிடும், அப்படியொரு கறுப்பு.

வைரவருக்கு வாகனம் நாய். அதிலும் கறுப்பு நாய். ஆகவே கோயில் வாசலில் உட்காரும் உரிமை கறுப்புகளுக்கு மட்டும்தான். தேய்பிறை அஷ்டமிக்குச் சாத்துகிற வடைமாலை, சாமி பார்த்து முடித்ததும் வாசலுக்கு வந்துவிடும். வெள்ளை, சிவந்த செவலை என்று மற்ற நிறத்து நாய்கள் வாசனையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கறுப்புக் குடும்பத்தில் வேறு நிறக் குட்டி விழுந்தால் தாயையும் குட்டியையும் காட்டைவிட்டு விரட்டிவிடுவது வழக்கம். தகப்பனை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அவன்தான் பஞ்சாயத்தில் உட்கார்ந்திருப்பானே.

மையாண்டிக்கு அஞ்சனை என்ற கறுப்புப் பெண்ணைப் பேசி முடித்தார்கள். அவனுக்குப் படபடப்புச் சுபாவம். ரகசியமாக முள்ளம்பன்றி ஊசிமுத்துவின் நிறக் கணிப்பு நிலையத்துக்கு ஓடினான். டவருக்கு அடியில் நீளமான வரிசை. ஒரு ஆமைகூட நின்றது. அதற்கு அங்கே என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது. வரிசையைப் பார்த்தது, நின்றுவிட்டது.

மையாண்டியின் வாயிலும், அவன் நைசாகக் கொண்டுவந்திருந்த அஞ்சனையின் எச்சில் எலும்பிலும் ஊசிமுத்து பஞ்சைத் தடவிப் பெட்டிக்குள் போட்டார். பெட்டி கீச்சென்றது.

"ரெண்டு பேரும் வெளியே கறுப்பு. உள்ளே ஆளுக்கொரு செவலை ஒளிஞ்சிருக்கு வே."

"உள்ளேன்னா, வயித்துலயா?"

"ரத்தத்துலன்னு வச்சுக்கிடும். குட்டிக்கு நீரு ஒண்ணு குடுப்பேரு, அவ ஒண்ணு குடுப்பா. ஒரு கறுப்பு கலந்தாலே குட்டி கறுப்பு. ரெண்டும் செவலையா விழுந்தாத்தான் செவலை. நாலுல ஒண்ணு அப்படி விழும்."

மையாண்டி யோசித்தான். முகம் மலர்ந்தது.

"அப்ப மூணோட நிறுத்திக்கிட்டா?"

ஊசிமுத்து முள்ளெல்லாம் சிலிர்க்க அவனையே பார்த்தார். பிறகு, "அடுத்த டோக்கன்!" என்றார்.

அஞ்சனையிடம்கூட அவன் மூச்சுவிடவில்லை. கல்யாணம் முடிந்து அவள் சினையானதும் சோற்றைக் குறைத்துப் போட்டான். வயிற்றில் நாலாவதுக்கு இடம் இருந்துவிடக் கூடாதே! அதிசயம் பாருங்கள், பிறந்ததும் சரியாக மூன்று. மையாண்டி தன் வாலைத் தானே துரத்திக்கொண்டு ஆடினான். அஞ்சனை குட்டிகளை நக்கிக் காயவைத்தாள். காயக் காய நிறம் தெரிந்தது.

மூன்றும் செவலை. மூக்குகூடச் செவலை.

ஓடினான் ஊசிமுத்துவிடம். "நாலுல ஒண்ணுன்னு சொன்னீரே!"

"ஒவ்வொரு குட்டிக்கும் தனித்தனியாச் சீட்டுக் குலுக்குறாங்க வே. முத குட்டிக்கு என்ன விழுந்துச்சுன்னு ரெண்டாவதுக்கு எப்படித் தெரியும்? ஒரு நூறு பெத்துப் பாரும், கணக்கு நேராயிரும்."

அவன் திரும்புவதற்குள் பஞ்சாயத்தே கூடிவிட்டது. தலைவர் இருளப்பர் தொண்டையைச் செருமினார்.

"ஏளா அஞ்சனை, பார்சல் கொண்டாற சீனி செவலைதானே? உன் வீட்டுக்கு எத்தனை தடவ வந்தான்?"

"ரெண்டு தடவ. ஒருக்கா கொண்டுவந்தான், ஒருக்கா திருப்பி எடுத்துட்டுப் போனான். கழுத்துப் பட்டை இறுக்கமா இருந்துச்சு."

"திருப்பி எடுத்துட்டுப் போனானாம்!" என்று கூட்டம் இளித்தது.

உண்மை தெரிந்த ஒரே ஆள் மையாண்டி. அவன் பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டிருந்தான். சொன்னால் வாசல் போய்விடும். சொல்லாவிட்டால் அஞ்சனை போய்விடுவாள்.

"ஏங்க, உண்ணிய அப்புறம் பாத்துக்கலாம். வாயத் திறங்க," என்றாள் அவள்.

அதற்குள் சீனியே பார்சல் பையோடு வந்துவிட்டான். "அண்ணாச்சி, இந்தக் காதைப் பாருங்க. நுனி வெட்டியிருக்கா? டவுன் வண்டிக்காரன் பிடிச்சிட்டுப் போயி, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசன் பண்ணி, அடையாளம் வச்சு அனுப்பிட்டான். எனக்கு அந்தக் கவலையே கிடையாது."

எல்லாரும் மரியாதையாகத் தலை குனிந்தார்கள்.

"அப்ப வேற எவன் செவலை?" என்றார் இருளப்பர். தாயையும் குட்டிகளையும் கிளப்பச் சொல்லி இரண்டு பேருக்குக் கண் காட்டினார். ஒரு குட்டி பால்காம்பை விடாமல் தொங்கியது. மையாண்டிக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"நான்தான்! எனக்குள்ளே இருக்கு செவலை. அவளுக்குள்ளேயும் இருக்கு. வெளியே பாத்தா எவனுக்கும் தெரியாது. இங்க இருக்கிற யாருக்குள்ளே வேணும்னாலும் இருக்கலாம். ஊசிமுத்துவைக் கூப்பிடுங்க, எல்லாரும் வாயத் திறங்க, பாத்துருவோம்!"

பஞ்சாயத்தில் இருந்த அத்தனை வாயும் டப்பென்று மூடிக்கொண்டன. இருளப்பருக்குப் பிறந்த அன்றே காணாமல்போன ஒரு தம்பி உண்டு. தம்பி என்ன நிறம் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

இருளப்பர் மெல்ல எழுந்தார். குட்டிகளை மோந்தார்.

"எவன்லே இதைச் செவலைன்னது? கறுப்பு. நல்ல கறுப்பு. வெயில்ல நின்னா யாருமே கொஞ்சம் வெளுப்பாத்தான் தெரிவோம்."

"அப்ப மூக்கு?" என்றான் சீனி.

"பார்சல்காரன் பார்சலைப் பாரு!"

"என்னா கறுப்பு! கண்ணே இருட்டுது," என்றது ஒரு குரல். எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள். குட்டிகளுக்கு வாசலில் இடம் உறுதியாயிற்று. கறுப்புக் குட்டிகளைச் செவலை என்று அவதூறு பேசியதற்காக மையாண்டிக்கு மட்டும் வாசல் ரத்து. அஷ்டமி முழுக்கத் தோப்புக்கரணம்.

நாய்க்குத் தோப்புக்கரணம் வராது. காதைப் பிடித்தால் விழும். அஷ்டமியன்று மையாண்டி விழுந்து விழுந்து எழுந்தான். எதிரே மூன்று செவலைகள் வடைமாலையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. தாய் என்ற முறையில் அஞ்சனைக்கும் ஒரு வடை.

"அஞ்சனை, நீயாவது நிஜத்தைச் சொல்லு. நம்ம பிள்ளைங்க என்ன நிறம்?"

அவள் வடையை நிதானமாக மென்று விழுங்கினாள்.

"கறுப்புங்க. நீங்கதான் இப்பக் கொஞ்சம் செவலையாத் தெரியுறீங்க."

நீதி: குட்டியின் நிறத்தில் பாதியை அப்பன் தருகிறான், பாதியைத் தாய் தருகிறாள், மீதியைப் பஞ்சாயத்து தருகிறது.