சேர்வர் பெட்டி குடிபோன விபரம்

தோட்டத்துப் பெரிய ஆபீஸ்,
பொகவந்தலாவை.
சனிக்கிழமை, பகல்.

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை விஜிதரன் அவர்களுக்கு,

மாமனார் கஜேந்திரன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் நலம். அப்படி எழுதுவது முறை என்பதால் எழுதுகிறேன். உண்மையில் நேற்று மத்தியானத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தக் கடிதத்தை மகள் நிஷாந்தியிடம் காட்ட வேண்டாம். வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு இருப்பவள், அப்பாவுக்கு வேலை போகப்போகிறது என்று இந்த நேரத்தில் தெரியக் கூடாது. போனில் சொல்லியிருப்பேன். ஆபீஸ் போன் செத்துவிட்டது, கொன்றவனும் நானே. கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் கோயில் வளைவு. அங்கே நின்று பேசினால் பத்து லயத்து வீடுகளுக்கும் கேட்கும். ஆகவே கடைச் சாமான் ஏற்றக் கொழும்புக்கு வரும் மஃறூப் நானாவின் லொறியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் நீங்கள் அறிந்ததுதான். கூரை ஒழுகும் பழைய அறையிலிருந்து சேர்வரைக் கீழே தொழிற்சாலைப் பக்கம் கட்டிய புதுக் கம்பியூட்டர் ரூமுக்கு மாற்றும்படி தோட்டத்து மானேஜர் துரை உத்தரவு போட்டார். போட்டுவிட்டுத் தன் அறையைப் பூட்டிச் சாவியோடு கொழும்புக்கு மீட்டிங்குக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை காலை, ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்கு முன்பே வந்துவிடுவார். செவ்வாய்க்கிழமை, தொழிலாளருக்குப் புது வீடு கொடுக்கும் வீட்டுத் திட்டத்துக்குப் பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டும். யார் எந்த வருஷம் பேர் பதிந்தார்கள், எத்தனை வருஷம் வேலை செய்தார்கள் என்று ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் பேரின் விபரமும் அந்த ஒரு பெட்டிக்குள்தான் இருக்கிறது. பழைய பதிவேடுகளோ மழையில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிவிட்டன. பெட்டிக்கு ஒன்று ஆனால் இத்தனை பேரும் இந்தத் தோட்டத்தில் வேலையே செய்யாதவர்கள் என்று ஆகிவிடும். இது எனக்குத் தெரிந்ததால்தான் உங்களைக் கேட்டேன். "பயப்படாதீங்க மாமா, ஒவ்வொரு வயர்லயும் அடையாளம் போட்டுட்டுக் கழட்டுங்க, அங்க போய் அதே மாதிரி மாட்டுங்க, அவ்வளவுதான்" என்று நீங்கள் சொன்னீர்கள். தப்பாக நினைக்க வேண்டாம், அந்த "அவ்வளவுதான்" என்ற சொல்லை நேற்றிலிருந்து எத்தனை தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை.

இங்கேயிருக்கும் ஈரத்துக்குக் காகிதம் எதிலும் ஒட்டாது. அதனால் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் சாக்கு மாறாமல் இருக்கப் பெண்கள் கலர் நூல் கட்டுவார்களே, அதே மாதிரி முப்பத்தாறு வயருக்கும் கலர் கலராக நூல் கட்டினேன். சிவப்பு ஒரு முடிச்சு என் மேசைக்கு, பச்சை இரண்டு முடிச்சு டிஸ்பென்சரிக்கு, நீலம் போனுக்கு என்று எல்லாவற்றையும் எழுதியும் வைத்தேன். பிறகு, வருஷா வருஷம் ஆயுதபூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும் அந்தப் பெரிய கறுப்புப் பெட்டியின் முன்னால் நின்று, சாமியைக் கும்பிட்டு, அணைக்கிற பொத்தானை அழுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவு அடக்கமாக அணைந்த மெஷினை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மாயாண்டியும் இன்னும் மூன்று பேரும் பெட்டியைப் படங்குச் சீலையால் மூடிச் சுவாமி தூக்குகிற மாதிரி தோளில் தூக்கினார்கள். எண்பத்து நான்கு படி, கொட்டுகிற மழை, பாசி பிடித்த கல். நான் பின்னால் குடையோடு, "மெதுவா, மெதுவா, ஆயிரத்து நானூறு பேரு உள்ள இருக்காங்க" என்று கத்திக்கொண்டே இறங்கினேன். அதைக் கேட்ட மாயாண்டி படிக்குப் படி நின்று என்னைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். எப்படியோ கீழே வந்து சேர்ந்தோம். அங்கே எங்கள் ஆபீஸ் கூட்டித் துடைக்கும் காளியாயி, புது ரூமுக்கு நடுவில் மூன்று செங்கல் வைத்துப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். "பால் பொங்காம புது எடத்துல சாமானை வைக்கக் கூடாதுங்கய்யா" என்றாள். நானும் நல்லதுதானே என்று இருந்துவிட்டேன். பால் பொங்குவதற்கு முன்னால் புகை பொங்கியது. கூரையில் பூட்டியிருந்த புகை அலாரம் அலறிய அலறலில் மாயாண்டி தன் மூலையைக் கைவிட்டுவிட்டான். 'ணங்' என்று ஒரு சத்தம், மாப்பிள்ளை. அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

மனதைத் தேற்றிக்கொண்டு, வயரையாவது ஒழுங்காக மாட்டுவோம் என்று, காளியாயி முன்னாலேயே சுமந்து வந்திருந்த வயர்க் கூடையைத் திறந்தேன். முப்பத்தாறு வயரிலும் மஞ்சள் நூல். சிவப்பு இல்லை, பச்சை இல்லை, நீலம் இல்லை, எல்லாமே மஞ்சள். "நீங்க கட்டுன நூலெல்லாம் சேறாப் போச்சுங்க. புது எடத்துக்கு அழுக்கு நூலோட போகக் கூடாதுன்னு அவுத்துப்போட்டுட்டு, மஞ்ச தடவி ஒண்ணு ஒண்ணுக்கும் காப்புக் கட்டிட்டேன்" என்றாள் காளியாயி. ஒன்றைக்கூட விடாமல் கட்டியிருந்தாள். எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. குத்துமதிப்பாக மாட்டினோம். போன் செத்தது. கொழுந்து நிறுக்கும் தராசு, டிஸ்பென்சரி ஜீவராணி மிஸ்ஸியின் கம்பியூட்டரில் தெரிகிறதாம். மருந்துக்கு வரும் வருத்தக்காரர்களுக்குப் பதிலாகச் சாக்குகள் வரிசையாக வருகின்றனவாம். சேர்வரோ பொத்தானை எத்தனை தரம் அழுத்தினாலும் ஒரு வெளிச்சம் காட்டவில்லை.

காளியாயி அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி, அதைத் தடவிக்கொண்டே, "எம் பேரு உள்ளதானுங்களே இருக்கு?" என்று கேட்டாள். லயத்தில் அவள் குடியிருக்கும் ஒற்றைக் காம்பராவின் கூரை ஒழுகத் தொடங்கிப் பன்னிரண்டு வருஷம். பட்டியலில் அவள் பேர் முதல் பக்கத்திலேயே வரும் என்று சொன்னவனும் நான்தான். பொய் சொல்ல வாய் வரவில்லை. "இருக்கும் காளியாயி" என்றேன். 'இருக்கும்' என்று ஏன் சொன்னேன், 'இருக்கு' என்று ஏன் சொல்லவில்லை என்று விடியும்வரை யோசித்தேன்.

ஆகவே, துரை வந்து என்னை வெளியே போகச் சொல்லும்வரை காத்திருப்பது மரியாதை இல்லை என்று, முப்பத்தொரு வருஷ வேலையை ராஜினாமா செய்து, முழுத் தப்பும் என்னுடையதே என்று இரண்டு பக்கம் எழுதி, இன்று காலை துரையின் பூட்டிய அறைக் கதவுக்கடியில் தள்ளிவிட்டேன். தொழிலாளர் யாரையும் கண்டிக்க வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறேன். உங்கள் மாமியாருக்கு இன்னும் தெரியாது.

நிஷாந்தியைப் பாரம் தூக்க விடாதீர்கள். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும். பெரியவனாகிக் கம்பியூட்டர் இல்லாத வேலை ஏதாவது செய்யட்டும். உங்கள் இருவருக்கும் முருகன் துணை நிற்பான்.

இப்படிக்கு,
இன்றுவரை பெரிய கிளாக்கர்,
கஜேந்திரன்.

பி.கு.: லொறி ஹோர்ன் அடிக்கிறது. மஃறூப் நானாவைக் கையெடுத்துக் கும்பிட்டு ஐந்து நிமிஷம் நிறுத்திவைத்து எழுதுகிறேன். பழைய அறையைக் கூட்டப் போன காளியாயி இப்போதுதான் ஓடி வந்தாள். "அந்தச் சூட்டுப் பெட்டிய என்ன பண்றதுங்க? அது மேலதான் எப்பவும் என் கம்பளியக் காயப்போடுவேன். அதையும் தூக்கிட்டா மழைக்கு நான் எங்க போறது?" என்றாள். போய்க் கம்பளியைத் தூக்கிப் பார்த்தால், நீங்கள் தலைத்தீபாவளிக்கு வந்தபோது கொண்டுவந்து வைத்த சின்னச் சாம்பல் பெட்டி. கரண்ட் போனால் உதவும் பேட்டரி என்று நான் இத்தனை நாளும் நினைத்திருந்த பெட்டி. பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. நேற்று லீவில் இருந்த கம்பியூட்டர் கிளாக்கர் ஷாமிலாவும் வந்துவிட்டாள். "சேர், இதுதான் சேர்வர். நீங்க தூக்கிட்டுப் போனது செத்து மூணு வருஷமாச்சு" என்றாள். மூன்று ஆயுதபூஜைக்குச் செத்ததற்குச் சந்தனம் வைத்திருக்கிறேன். ஒரே ஒரு வயரை மாட்டினாள், பட்டியல் திறந்தது. ஒருவர் குறையாமல் இருக்கிறார்கள். காளியாயி, இருபத்தேழு வருஷம், முதல் பக்கம். திரையில் தன் பெயர் மேல் வைத்த விரலை அவள் இன்னும் எடுக்கவில்லை.

மாயாண்டி இப்போது மஞ்சள் நூல் கட்டிய வயர் ஒன்றைக் கொக்கி மாதிரி வளைத்துத் துரையின் கதவுக்கடியில் விட்டு என் ராஜினாமாவை இழுத்துக்கொண்டிருக்கிறான். இழுக்கப்போய் அது இன்னும் தள்ளி உள்ளே போய்விட்டது என்கிறான். மாப்பிள்ளை, உங்களிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை. துரை நாளை முழுவதும் கொழும்பில்தான் இருப்பார். என்ன செய்வீர்களோ தெரியாது, அவருடைய அறைச் சாவியை மட்டும் எப்படியாவது தொலையச் செய்யுங்கள்.