ஆறுமணியின் மஞ்சள் தாள்

திண்டிவனத்தில் சூரியன் ஒரே ஒரு மனிதரைக் கேட்டுக்கொண்டுதான் சாயும். அவர் போட்டோக்காரர் ஆறுமணி. பெற்றோர் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. பொழுது சாயும் நேரம் தவிர மற்ற நேரத்தில் கேமராவைத் தொடமாட்டார். காலைக் கல்யாணம் என்று போனால், "வேற ஆளப் பாத்துக்கோங்க" என்று கதவைச் சாத்திவிடுவார்.

அறுபதுகளின் நடுவில் என் அக்காவுக்கு விக்கிரவாண்டியில் வரன் வந்தது. பட்டாளத்தில் இருந்த மாப்பிள்ளைக்கு அனுப்பக் கலர் போட்டோ கேட்டார்கள். ஆறுமணி ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்களை ஏரிக்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

"பிளாஷ் பல்பு நீலமா அடிக்கும்பா. வானம் செவந்துகினு இருக்கும். மூஞ்சி ஒரு ஊரு, வானம் ஒரு ஊருன்னு ஆயிடும்" என்றவர், மிட்டாய் சுற்றிய மஞ்சள் கண்ணாடித்தாளைப் பல்பின் மேல் கட்டினார்.

மூன்று வாரத்தில் மெட்ராஸிலிருந்து படம் வந்தது. வானம் விழுந்த அழகில் பெருமை தாங்காமல், ஆறுமணி எங்களுக்குக் காட்டும் முன்பே ஒரு பிரதியை விக்கிரவாண்டிக்கு அனுப்பிவிட்டார். எங்கள் பிரதியைப் பார்த்த அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வானம் பிரமாதம். அக்கா முகம் பழுத்த எலுமிச்சம்பழம்! அன்று அவள் மஞ்சள் பூசிக் குளித்திருந்ததை அவரும் கவனிக்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

'பெண்ணுக்குக் காமாலை போலிருக்கிறது, மன்னிக்கவும்' என்று கடிதம் வந்தது. அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

ஆறுமணி என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். மாப்பிள்ளையின் அப்பா பெரிய மீசைக்காரர்.

"காமாலை பொண்ணுக்கு இல்லீங்க, என் தாளுக்கு! சந்தேகமா இருந்தா நீங்களும் மஞ்சள் பூசிக்கினு நில்லுங்க, எட்த்துக் காட்றேன்" என்றார் ஆறுமணி.

மீசைக்காரர் எழுந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நான் செருப்பைத் தேடினேன். அவரோ உள்பக்கம் திரும்பி, "ஏமே, கொஞ்சம் மஞ்சள் அரைச்சி எடுத்தா" என்றார்!

பொழுது சாயும் வரை காத்திருந்து, அதே தாளைக் கட்டி ஆறுமணி அவரைப் படம் எடுத்தார். மறுபடி மூன்று வாரம். படத்தில் மீசை மட்டும் கறுப்பு, மற்றதெல்லாம் காமாலை. பெரியவர் வயிறு குலுங்கச் சிரித்து, நிச்சயத்துக்கு நாள் சொல்லி அனுப்பினார்.

முகூர்த்தம் விடியற்காலை. ஆறுமணி வரமாட்டார் என்று வேறு ஆளை வைத்திருந்தோம். தாலி கட்டும் நேரம், கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு கேமராவும் கையுமாக வந்து நிற்கிறார்!

"என்னங்க, காலையிலயா?"

"உதிக்கிற கலரும் சாயற கலரும் ஒண்ணுதாம்பா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அக்கா முகத்தில் மஞ்சள் இருக்கிறதா என்று கிட்டே போய்ப் பார்த்தார். இருந்தது. பல்பில் கட்டியிருந்த தாளைப் பிரித்துப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.