கராம்பு மணம்

சம்பந்தம் பேச வந்தவர்கள் படலையைத் திறந்தபோது, பெண்ணின் தகப்பன் இன்பாஸின் வாயில் மூச்சு மருந்துப் பம்ப் இருந்தது.

"அதை ஒளிச்சு வையுங்கோ! வந்திட்டினம்!" என்றாள் மனைவி நிறஞ்சலா.

இன்பாஸால் பதில் சொல்ல முடியவில்லை. மருந்தை உள்ளே இழுத்தபின் மூச்சைக் கொஞ்சம் அடக்கி வைத்திருக்க வேண்டும். கண்ணை மட்டும் உருட்டினார்.

எல்லாம் சாம்பிராணியால் வந்த வினை. மீனவ ஊரான தாழ்வுபாட்டில் மீன் வாடை இல்லாத வீடு கிடையாது. மாப்பிள்ளை வீட்டாரோ நறுவிலிக்குளத்து வயற்காரர். வாடை பிடிக்காமல் எழும்பிப் போய்விடுவார்களோ என்று நிறஞ்சலா அறையறையாகப் புகை போட்டிருந்தாள். அந்தப் புகை மீன் வாடையை விட்டுவிட்டு இன்பாஸின் நெஞ்சைப் பிடித்தது.

அவருக்கு இருந்தது மெல்லிய ஆஸ்துமாதான்; ஊர்வழக்கில் தொய்வு. எப்போதாவது இழுக்கும், தானாகவே போய்விடும். ஆனால் கிளினிக் டொக்டர் விடவில்லை. "மெல்லிசுதானே எண்டு விட்டால் ஒருநாள் கடுமையா வரும் ஐயா. மூச்சுக்குழாயைத் திறந்தால் மட்டும் காணாது, உள்ளுக்க இருக்கிற வீக்கமும் வத்தவேணும். இதில ரெண்டு மருந்தும் சேர்ந்திருக்கு. இப்பவே தொடங்குங்கோ. அடிச்ச பிறகு வாயை வடிவாக் கொப்பளியுங்கோ."

இன்பாஸ் தொடங்கினார். படகு எஞ்சினைத் தூக்கிக்கொண்டு கடற்கரை மணலில் நடந்தாலும் இப்போது இளைப்பதில்லை. ஆனால் ஊருக்கு மட்டும் சொல்லவில்லை. பம்ப் பிடித்தவனுக்குக் கடைசிக் கட்டம் என்பது ஊரின் தீர்ப்பு. போதாததற்கு, தகப்பனுக்குத் தொய்வென்றால் பிள்ளைக்கும் வரும் என்பார்கள். மகள் தர்ஷிகா, வந்த சம்பந்தங்களையெல்லாம் தட்டிவிட்டு, இந்த நிலக்சனின் படத்தைப் பார்த்துத்தான் "வரச் சொல்லுங்கோ" என்றிருந்தாள். இதைக் கெடுக்க அவருக்கு மனமில்லை.

விருந்தாளிகள் கதிரைகளில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை நிலக்சன், தாய் புஸ்பம், தகப்பன் பத்திநாதன். பத்திநாதன் புன்னகையோடு சரி. பேச்செல்லாம் புஸ்பத்தின் பொறுப்பு.

இன்பாஸ் பின்வாசலால் கிணற்றடிக்கு ஓடி வாயைக் கொப்பளித்தார். அந்தச் சத்தம் விறாந்தை வரை கேட்டது.

"என்ன சத்தம் அது?" என்றாள் புஸ்பம்.

"பம்ப்…" என்று வாய்தவறிச் சொன்ன நிறஞ்சலா, நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தண்ணிப் பம்ப் அக்கா. கிணத்தில இறைக்குது."

அந்த நேரம் பார்த்துக் கிணற்றில் வாளி விழுந்தது.

இன்பாஸ் சட்டைக் கையால் வாயைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்தார். புகை இன்னும் அடங்கவில்லை. சீதனப் பேச்சுத் தொடங்க முதலே நெஞ்சு மறுபடி இறுகியது.

"ஆடு கத்துது. பாத்திட்டு வாறன்."

ஆடு கத்தவில்லை. எல்லாரும் காதைக் கொடுத்துக் கேட்டார்கள், அப்போதும் கத்தவில்லை. நிலக்சன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீ பேசாம இரு" என்றாள் தாய்.

எஞ்சின் கொட்டிலுக்குள் நின்று இன்பாஸ் இன்னொரு தரம் அடித்தார். மறுபடி கிணற்றடி. திரும்பி வரும்போது குசினி வாசலில் நிறஞ்சலா மறித்தாள்.

"வாய் மருந்து மணக்குது. இதைச் சப்புங்கோ." கராம்பை வாய்க்குள் திணித்தாள்.

மூச்சு இலகுவானதும் இன்பாஸுக்கு உற்சாகம் பிறந்தது. சிரித்தார். கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். பத்திநாதனின் தோளில்கூடத் தட்டினார். புஸ்பத்தின் மூக்கு இரண்டு தரம் சுருங்கியது.

"தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ" என்றாள் நிறஞ்சலாவிடம். "என்ர அண்ணரும் இப்பிடித்தான். அடிக்கடி பின்னுக்குப் போவார். வாயைக் கொப்பளிப்பார். கராம்பைச் சப்பிக்கொண்டு சிரிச்சுச் சிரிச்சு வருவார். கடைசியா வயல் முழுக்கக் கள்ளுத் தவறணைக்குப் போனது. நேராக் கேக்கிறன், இவர் குடிக்கிறவரோ?"

நிறஞ்சலா தொய்வை ஒரு தட்டிலும் குடியை மறுதட்டிலும் வைத்துப் பார்த்தாள். குடி பரம்பரையாக வராது என்று தோன்றியது.

"எப்பவாவது… கொஞ்சம்" என்றாள்.

இன்பாஸ் திகைத்துப்போனார். அவர் பங்குக் கோயிலின் மது ஒழிப்புக் குழுத் தலைவர். போன தவக்காலம் முழுக்க ஒலிபெருக்கியில் குடிகாரரைத் திட்டியே தொண்டை கட்டியவர்.

"எழும்புங்கோ போவம்" என்று புஸ்பம் கைப்பையை எடுத்தாள்.

தேத்தண்ணித் தட்டோடு வந்த தர்ஷிகா வாசலிலேயே நின்றாள்.

"மாமி, அம்மா பொய் சொல்லுறா. என்ர அப்பாவைக் குடிகாரன் ஆக்கித்தான் எனக்குக் கலியாணம் நடக்கவேணுமெண்டால், அது எனக்கு வேண்டாம். அப்பா, எடுத்துக் காட்டுங்கோ."

இன்பாஸின் கண் கலங்கியது. இந்தத் தடவை காரணம் புகையில்லை. சட்டைப் பைக்குள்ளிருந்து பம்பை எடுத்து மேசையில் வைத்தார்.

"எனக்குத் தொய்வு அக்கா. மெல்லிசுதான். முத்த விடாமல் இப்பவே மருந்தெடுக்கிறன். வாய் கொப்பளிச்சதும் அதுக்குத்தான். பிள்ளைக்கு ஒண்டுமில்லை. என்னால அவளின்ர வாழ்க்கை கெடக்கூடாதெண்டுதான் ஒளிச்சனான்."

புஸ்பம் பம்பைப் பார்த்தாள். கைப்பையைக் கீழே வைத்தாள். பிறகு மறுபடி எடுத்தாள்.

"குடியில்லை எண்டதில சந்தோசம் தம்பி. ஆனாலும் எங்கட குடும்பத்தில ஒருத்தரும் பம்ப் எண்டதைக் கண்ணாலயும் கண்டதில்லை. யோசிச்சுத்தான் சொல்லவேணும்."

நிலக்சன் தலையைக் குனிந்துகொண்டான். தர்ஷிகா கோப்பைகளையே பார்த்தாள். வந்ததிலிருந்து ஒரு வார்த்தையும் பேசாத பத்திநாதன் அப்போதுதான் தொண்டையைச் செருமினார்.

"இரு புஸ்பம். உனக்குத் தெரியாமல் கிளினிக்குக்குப் போய், இவருக்குப் பின்னாலயிருந்து தானும் பம்ப் அடிச்ச உன்ர மகன்தான், 'எனக்குத் தொய்வெண்டு தெரிஞ்சாலும் என்னைக் குறைவாப் பாக்காத வீடு இதுதான் அப்பா' எண்டு சொல்லி எங்களை இஞ்ச கூட்டிக்கொண்டு வந்தவன்."