முதல் பறப்பில் பயணி கூடாது

என் வீட்டைச் சுற்றி ஓர் ஒற்றன் இருக்கிறான். சும்மா சொல்லவில்லை, சாப் முத்திரை குத்திய கடிதங்களை வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை போக மிச்ச நேரமெல்லாம் கார் போர்ச்சில் குந்தி, நாலு வருஷத்தில் ஒரு விமானம் கட்டி முடித்தேன். இரண்டு பேர் உட்காரலாம். ஆனால் முதல் நாற்பது மணி நேரம் பயணி ஏறக் கூடாது என்பது விதி. நாற்பது மணி நேரம்! ஆகாயத்தில் நான் மட்டும், பக்கத்தில் மனைவி லோஷினி இல்லாமல்! எனக்குப் பிடித்த ஒரே விதி அதுதான்.

பறக்க ஓடுபாதை வேண்டுமே. லாபிஸ் பக்கம் ஒரு சின்ன விமான கிளப்புக்கு எழுதிப் போட்டேன். தலைவர் கேப்டன் ஹேமநாதனிடமிருந்து பதில் வந்தது: "எண்ணெய் போவது வாஷிங் மெஷின் குழாயில் என அறிகிறோம். அனுமதி இல்லை." மாற்றிவிட்டு மறுபடி எழுதினேன். "சீட் பெல்ட் பழைய வேனில் கழற்றியது என அறிகிறோம். அனுமதி இல்லை."

எப்படி அறிந்தார்கள்?

"லோஷினி, யாரோ நம்மளப் போட்டுக் கொடுக்கிறாங்க."

"அலமாக்! யாருங்க?"

"எதிர்வீட்டு வேலு. தினமும் வேலிக்கு மேல எட்டிப் பார்க்கிறான்."

"அவரு நம்ம மாங்காயைப் பார்க்கிறாரு லா."

"நீ யார்கிட்டயாவது சொன்னியா?"

"எனக்கு என்னங்க தெரியும்? அதுல எது முன்பக்கம், எது பின்பக்கம்னே தெரியாது."

அவள் பேச்சிலும் எனக்குச் சந்தேகம்தான். லாபிஸில் இருக்கும் தன் தங்கை ஷாமளா வீட்டுக்கு வாராவாரம் நோட்டுப் புத்தகத்தோடு போகிறாள். தங்கை வீட்டுக்கு நோட்டு எதற்கு? சமையல் குறிப்பு எழுதவாம். திரும்பி வந்து வைப்பது அதே சாம்பார்.

கேப்டனுக்கு நேரே போன் போட்டேன். "ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாங்க, புது சேஃப்டி ஆபீசர் பார்த்துச் சொல்வாங்க" என்றார். வீட்டில் மூச்சு விடவில்லை. "உனக்குச் சேலை எடுக்க தங்காக் டவுனுக்குப் போறேன்" என்று அளந்தேன். லோஷினி சிரித்தாள். அவள் சிரித்தபோதே நான் உஷாராகி இருக்க வேண்டும்.

ஞாயிறு காலை அவள் ஷாமளா வீட்டுக்குக் கிளம்பியதும் பூசை போட்டேன். புது வண்டியைப் பூசை போடாமல் எந்தத் தமிழன் எடுப்பான்? சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். நீட்டிக்கொண்டிருந்த இடத்திலெல்லாம் கெட்டியாகச் சந்தனப் பொட்டு. பிறகு இறக்கையைக் கழற்றி எல்லாவற்றையும் லோரியில் ஏற்றினேன்.

கிளப் கேட்டில் மஞ்சள் மேல்சட்டை போட்டு, கையில் நோட்டோடு ஓர் அம்மாள் நின்றாள். லோஷினி.

"நீயா?"

"கட்டினவரே சோதிக்கக் கூடாதாம்ங்க. வேற ஆளு பார்க்கணுமாம். ஷாமளா வீட்டுக்குன்னு சொல்லிட்டு வாராவாரம் இங்கதான் வந்தேன், சேஃப்டி பயிற்சி முடிச்சு ரெண்டு மாசம் ஆச்சு. இருபது வருஷமா உங்களைச் சோதிச்ச அனுபவம் இருக்குன்னு சொன்னேன், கேப்டன் உடனே எடுத்துக்கிட்டாரு."

"அப்ப அந்த வாஷிங் மெஷின் குழாய்..."

"என் மெஷின் குழாய் எனக்குத் தெரியாதா?"

எனக்கு வந்த கோபத்தில் எஞ்சின் இல்லாமலே பறந்திருப்பேன். அவள் கண்டுகொள்ளாமல் லோரியைச் சுற்றி வந்தாள். இறக்கையில் விரல் பருமனுக்கு நீட்டியிருந்த குழாய் முன்னால் நின்றாள்.

"என்னங்க இது?"

"சந்தனம். சாமி காரியம், அதில கை வைக்காதே."

"இந்த ஓட்டையில காத்து போனாத்தானே வேகம் தெரியும்? அதை அடைச்சு வெச்சிருக்கீங்க. மேல போனதும் மீட்டர் சைபர் காட்டும். வேகம் போச்சுன்னு நீங்க பதறிப்போய் பிளேன் மூக்கைக் கீழ இறக்கி, தரையில மோதுவீங்க. அப்புறம் நான் யாரோட சண்டை போடுறது?"

கடைசி வார்த்தையில் அவள் குரல் கரகரத்தது. நாலு வருஷம் கட்டியதை ஒரு பொட்டால் கவிழ்க்கப் பார்த்திருக்கிறேன். நகத்தால் சந்தனத்தைச் சுரண்ட ஆரம்பித்தேன்.

அவளோ கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பை எடுத்து ஓங்கிக் குத்தினாள். அனுமதி இல்லை. அடுத்த சோதனை அடுத்த மாதம்.

"லோரியைத் திருப்புங்க."

"வீட்டுக்கா?"

"தங்காக்குக்கு. சேலை எடுக்கப் போறேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

முன் சீட்டில் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். இப்படியாக என் விமானத்தின் முதல் பயணம் லோரியில், துணிக்கடைக்கு, பயணியோடு நடந்தது.